தண்ணீரும் எடைதான்

ஜனவரி 11

அன்புள்ள குச்சிக்கு,

நான் கூப்பிட்டால் ஃபோனை எடுக்க மாட்டாயாம், இனி எல்லாம் கடிதம்தானாம். மாப்பிள்ளை சொன்னார். "ஃபோன்ல பேசினா நீங்க சிரிக்க வச்சுட்டு நழுவிடுவீங்கன்னு உங்க தங்கச்சி சொல்றா." நழுவுகிற உடம்பா இது? போன வாரம் மார்க்கெட்டில் ஒரு கடையின் பக்கவாட்டுக் கதவில் சிக்கிக்கொண்டேன். முன்னால் இழுக்க ஒருவர், பின்னால் தள்ள ஒருவர்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆஸ்பத்திரியில் என்னை நாள் முழுக்கச் சோதித்தார்கள். உன் வீட்டுக்காரருக்குப் பொருந்தாதது எனக்குப் பொருந்துகிறது. கிட்னி இரண்டும் கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். "கிட்னி பிரமாதம் சார். அதைச் சுத்தி இருக்கிறதுதான் பிரச்சனை" என்றார் டாக்டர். பதினெட்டு கிலோ குறைத்தால்தான் ஒன்றை எடுத்து உனக்கு வைப்பார்களாம். குறைத்தால் மட்டும் போதாது, குறைந்த இடத்திலேயே மூன்று மாதம் நிற்க வேண்டுமாம். ஊரில் இருக்கிற கடைகளுக்கெல்லாம் எடை மெஷின் ரிப்பேர் செய்து பிழைக்கிறவனுக்கு எடையைப் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள்!

டயட்டீஷியன் ஒரு சின்னப் பெண். ஒரு தாள் கொடுத்தாள். மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும், தட்டில் பாதி காய்கறி, முட்டை, மீன், தண்ணீர் நிறைய. "மெதுவா குறைஞ்சாதான் சார் நிலைக்கும்." மெதுவாக என்ற சொல் எனக்குப் பிடித்துவிட்டது. தாள்தான் பிடிக்கவில்லை. சுவாரசியமே இல்லாத தாள்.

எங்கள் கட்டடத்தில் இந்த விஷயத்தில் மூன்று கட்சிகள் இருக்கின்றன. மாடி வீட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்டு கீட்டோ. சோறு, ரொட்டி பக்கமே போகாமல் காபியில் வெண்ணெயைப் போட்டுக் குடிக்கிறார். உடம்பு பாதியாகிவிட்டது, ஆனால் பக்கத்தில் நின்று பேசினால் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாடை. கீழ்வீட்டு ஜிம் மாஸ்டர் பேலியோ. ஆதிமனிதன் தின்றதை மட்டும்தான் தின்பாராம். ஆதிமனிதன் சின்ன வயதிலேயே செத்துப்போனானே என்றேன். "ஆனா ஒல்லியா செத்தான்" என்கிறார். எதிர்வீட்டு பேங்க் மேனேஜரின் மனைவிக்குப் படிப்படியான முறை. முதலில் மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டு வாரா வாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போவது. அந்த அம்மா கூட்டிக்கொண்டே போய்ப் பழைய இடத்துக்கே பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள்.

எந்தக் கட்சியில் சேர்வது என்று யோசிக்கிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு.

பூசணி


ஜனவரி 24

அண்ணா,

டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது கை மெஷினுக்கு, வலது கை உனக்கு.

ஃபோனை வைக்கும்போது நான் சிரித்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நீ எதற்குமே பதில் சொல்லவில்லை என்று உறைக்கும். தாளில் அந்த வித்தை நடக்காது. திருப்பிப் படித்துவிடுவேன்.

இத்தனை வருஷமாக ஸ்டேஷனில் மைக் முன்னால் உட்கார்ந்து, வராத வண்டிகளுக்காக வருத்தம் தெரிவித்துக்கொண்டிருக்கிறேன். "தாமதமாக வந்து சேரும்" என்று படிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும், எது தாமதமாக வரும், எது வரவே வராது என்று. உன் கடிதத்தைப் படித்தபோது மைக் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எனக்கும் டயட் உண்டு. வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது, உப்பு கூடாது. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர். அதில் ஒன்று மாத்திரைக்கே போய்விடும். இதில் எந்தக் கட்சியில் சேர்கிறாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் கொடுத்த தாளில் என்ன குறை? சுவாரசியம் இல்லையா? கிட்னிக்குச் சுவாரசியம் வேண்டாம் அண்ணா.

எதுவாக இருந்தாலும் சரி, ஒன்றைப் பிடி.

குச்சி


பிப்ரவரி 27

அன்புள்ள குச்சிக்கு,

ஒன்றைப் பிடி என்றாய். இரண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் பேலியோ. பாதாம் ஒரு கைப்பிடி என்று ஜிம் மாஸ்டர் சொன்னார். யாருடைய கை என்று சொல்லவில்லை. பை காலியாகிவிட்டது. ஆதிமனிதன் பாதாமைத் தேடி மலை ஏறினான், நான் அலமாரி வரைக்கும்தான் போனேன். வித்தியாசம் இடுப்பில் தெரிந்தது.

பிறகு படிப்படியான முறை. அதில் என் தொழில் குறுக்கே வந்தது. பேக்கரியில் தராசைப் பழுது பார்த்தால் எடைக்கல்லை வைத்துச் சோதித்துவிட்டு வந்துவிடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே விற்கிறது பன். பன்னை வைத்துச் சோதித்தால்தானே கடைக்காரருக்கு நம்பிக்கை வரும்? சோதித்த பன்னைத் திரும்ப அலமாரியில் வைப்பது சுகாதாரக் கேடு. நான் பொறுப்புள்ளவன்.

மொத்தத்தில் இரண்டு கிலோ இறங்கி மூன்று ஏறியிருக்கிறது. உன் அண்ணி என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ராத்திரி சோற்றுப் பானையை எங்கேயோ ஒளித்துவைக்கிறாள். எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன், அவளிடம் சொல்லிவிடாதே.

அடுத்து எது என்று ஆராய்ச்சி நடக்கிறது.

பூசணி


மார்ச் 8

அண்ணா,

அண்ணி எனக்கு ஃபோன் செய்தாள். உனக்குத் தெரியாது. "ஒரு கிட்னிய குடுத்துட்டு நாளைக்கு இவர் படுத்துட்டா யாரு பாக்கிறது? எனக்கு பயமா இருக்கு" என்று அழுதாள். எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. நேராகச் சொன்னாள்.

நீயும் அப்படிச் சொல்லலாம். கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் அண்ணனிடம் ஒரு வருஷம் பேசாமல் இருப்பேன், பிறகு பேசிவிடுவேன். கொடுக்கிறேன் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே தின்கிற அண்ணனை என்ன செய்வது?

பயமாக இருந்தால் பயம் என்று எழுது. பன்னுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே. உன் உடம்புக்கு அது போதாது.

குச்சி


மார்ச் 15

குச்சி,

கீட்டோ. இன்று காலை ஆரம்பித்துவிட்டேன். பேக்கரி இல்லாத தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். சுற்றுவழி.

பூசணி


ஜூலை 2

அன்புள்ள குச்சிக்கு,

குதி. உன்னால் முடியாவிட்டால் மாப்பிள்ளையைக் குதிக்கச் சொல்.

ஆஸ்பத்திரி மெஷினில் ஏறினேன். நல்ல பழைய மெஷின், வட்ட முகம், சிவப்பு முள். நான் பார்த்த மெஷின்களில் என்னைத் தொடவே விடாதது அது ஒன்றுதான். முள் போய் அவர்கள் சொன்ன இடத்தில் நின்றது! பதினெட்டும் போய்விட்டது. நர்ஸ் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள், ஏதோ நான் முள்ளைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல.

மூன்றரை மாதமாக முட்டை, கறி, வெண்ணெய், பாலாடைக்கட்டி. கறிக்கடைக்காரர் என்னைச் சொந்தக்காரனாகவே நினைக்க ஆரம்பித்துவிட்டார். என் வாயிலும் அந்த நகப்பூச்சு வாடைதான், உன் அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். ஏஜெண்டு படிக்கட்டில் என்னைக் கட்டிப்பிடித்தார், இரண்டு கையும் சுற்றி வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

டயட்டீஷியன் பெண்தான் முகத்தைச் சுளித்தாள். "வேகமா இறங்கியிருக்கு சார். முதல்ல போனதுல பாதி கொழுப்பே இல்ல, தண்ணி." முள்ளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாதம்மா என்றேன். அக்டோபரில் மறுபடியும் வந்து ஏற வேண்டும். அப்போதும் முள் இங்கேயே நின்றால் நாள் குறித்துவிடுவார்கள்.

பூசணி (பட்டம் இனி செல்லாது, வேறு பெயர் யோசித்து வை)


ஜூலை 10

அண்ணா,

குதித்தார். கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

பின்பக்க அறைக்கு வெள்ளை அடித்துவிட்டோம். வாடகைக்கு எடுத்த கட்டில் இரண்டையும் அங்கேயே போடச் சொல்லியிருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து நீ ஒன்றில் முனகு, நான் ஒன்றில் முனகுகிறேன். நேற்று ஒரு கனவு. தெருக்குழாயில் வாயை வைத்துக் குடிக்கிறேன், யாரும் அளக்கவில்லை.

மார்ச்சில் எழுதியதற்கு மன்னிப்பு கேட்க மாட்டேன். அது வேலை செய்தது.

திரும்ப ஏற்றிக்கொள்ளாதே.

குச்சி


ஆகஸ்ட் 29

அன்புள்ள குச்சிக்கு,

ஒரு சின்னச் செய்தி. சின்னதும் இல்லை, ஏழு கிலோ.

மார்க்கெட் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். விருந்து வைத்தார்கள். நாற்பது தராசுக்கு எனக்கு வேலை கொடுத்த மனிதர், அவர் கையால் ஒரு துண்டு கேக் நீட்டினால் எப்படி வேண்டாம் என்பது? ஒரே துண்டுதான். ஆனால் இத்தனை மாதமாகக் கதவைச் சாத்திவைத்த வீட்டில் ஒரு ஜன்னலைத் திறந்தால் என்ன ஆகும்? மறுநாள் ரொட்டி. அதற்கு மறுநாள் சோறு. கீட்டோவில் பாதி நாள் என்று ஒன்று கிடையாதாம். இருந்தால் முழுசாக இரு, இல்லாவிட்டால் போ. போனேன்.

ஏஜெண்டும் இதையேதான் சொல்கிறார். ஒரு ரகசியம் கேள், அவருக்கும் சட்டைப் பொத்தான் மறுபடியும் தெறிக்கிறது. வெளியே சொல்லவில்லை.

அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பூசணி


செப்டம்பர் 4

அண்ணா,

போன வாரம் அறிவிப்பின் நடுவில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் இல்லாத வாய் அப்படித்தான் செய்யும். மைக் திறந்திருந்தது. ஸ்டேஷன் முழுக்க என் வாய் சப்புக்கொட்டுகிற சத்தத்தைக் கேட்டது. பிளாட்பாரத்தில் யாரோ சிரித்தார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவர். "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்று என்னைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார். முன்பு பதிவு செய்துவைத்த என் குரலையே இப்போது போடுகிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் கேட்கிறேன். நல்ல ஈரமான குரல். அது இன்னும் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருக்கிறது. நான் நிறுத்திவிட்டேன்.

கேக்கைப் பற்றி எழுதினாய். படித்தேன். சிரிப்பு வரவில்லை, உன் ஜன்னல் உவமை நன்றாகவே இருந்தும்.

இனி எந்த டயட், எந்த ஏஜெண்டு என்று எனக்கு எழுத வேண்டாம். அக்டோபரில் அந்தச் சிவப்பு முள் எங்கே நிற்கிறதோ அதுதான் உன் பதில். வேறு எதையும் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.


செப்டம்பர் 16

குச்சி,

கையெழுத்துப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். சரி.

மறுபடியும் கீட்டோ, முன்பைவிடக் கெடுபிடியாக. நடுவில் டயட்டீஷியனின் தாளை எடுத்துப் பார்த்தேன். நல்ல தாள்தான், ஜனவரியில் ஆரம்பித்திருந்தால். இப்போது மெதுவாகப் போக நாள் இல்லை.

இந்த முறை தொழில் மூளையையும் கூடச் சேர்த்துக்கொண்டேன். தண்ணீரும் எடைதான். மீன்கடைக்காரர்கள் ஐஸோடு சேர்த்து நிறுப்பதைப் பிடிக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? நாளெல்லாம் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு முள்ளைக் கீழே போ என்றால் எப்படிப் போகும்? நிறுத்திவிட்டேன். உனக்கு மூன்று டம்ளர் என்றால் எனக்கும் மூன்று டம்ளர்.

எடைக்காக மட்டும் இல்லை. உனக்கு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று இனி நீ எழுத முடியாதல்லவா. அண்ணி கத்துகிறாள். நான் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். மதியம் வெயிலில் லாரி எடைமேடைக்கு அடியில் படுத்து ஸ்க்ரூ முடுக்கும்போது உன் நினைவு வருகிறது.

பூசணி


செப்டம்பர் 25

அண்ணா,

மூன்று டம்ளரா? நீயா? ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு கூஜா குடிக்கிறவன்!

நாற்காலியில் உட்கார்ந்து சிரித்ததில் மெஷின் கத்த ஆரம்பித்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்தாள்.

உனக்குத் தாகத்தைச் சமாளிக்கத் தெரியாது, சொல்லித் தருகிறேன். பெரிய டம்ளரைத் தூக்கி உள்ளே வை, சின்னதில் குடி, ஏமாறுவது சுலபம். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொள், கடிக்காதே, கன்னத்தில் ஒதுக்கி வை. வாய் கொப்பளித்துத் துப்பு. துப்புகிற நேரத்தில்தான் நெஞ்சுறுதி வேண்டும். எலுமிச்சையை வெட்டி முகர்ந்து பார், வாயில் தானாக ஊறும். மதியம் மூன்று மணிதான் மோசம். அப்போது நானும் இங்கே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்.

வீட்டில் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள், பிறகு சமையலறைக்குப் போய்ச் சத்தம் வராமல் குடிக்கிறார்கள். சத்தம் கேட்கும். இத்தனை நாளில் என்னோடு சேர்ந்து தாகமாக இருக்க யாரும் வந்ததில்லை.

பின்பக்க அறைக்குத் திரைச்சீலை வாங்கிவிட்டேன்.

குச்சி


அக்டோபர் 19

குச்சி,

மாப்பிள்ளை ஃபோனில் சொல்லியிருப்பார். இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும்.

முள் சரியான இடத்தில் நின்றது. அரைக் கிலோ கீழேயே நின்றது. நர்ஸ் கைதட்டினாள். நானும் மெஷினைவிட்டு இறங்காமலேயே வணக்கம் வைத்தேன். அதற்குப் பிறகு கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஸ்கேன் எடுத்தார்கள்.

கல். இரண்டு பக்கமும்.

டாக்டர் ஜனவரிப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். "அப்ப ஒண்ணுமே இல்லையே சார். என்ன பண்ணீங்க?"

"டயட் இருந்தேன்."

"என்ன டயட்?"

சொன்னேன்.

"அதுல கல் வர்ற வாய்ப்பு இருக்கு. தாள்லயே தண்ணி நிறைய குடிக்கச் சொல்லியிருந்தோமே. தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?"

அதையும் சொன்னேன். டயட்டீஷியன் பெண் தரையைப் பார்த்தாள். எங்கள் தொழிலில் ஒரு தராசைச் சரிசெய்கிறேன் என்று உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கையே நசுக்கிவிடுகிற ஆட்கள் உண்டு. அவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் தெரியுமா?

என்னிடமிருந்து எடுக்க மாட்டார்களாம். கல் வந்த உடம்பில் மறுபடியும் வரும், இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிற ஒன்றுக்கு ஆபத்து, உனக்கு வைப்பதும் நல்லதாக இருக்காது என்கிறார்கள். கெஞ்சினேன். உன் அண்ணியும் கெஞ்சினாள். ஆமாம், அவள்தான் முதலில்.

தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை எழுதலாம் என்று பேனாவை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.


நவம்பர் 6

அண்ணா,

என்ன பண்ணீங்க என்று டாக்டர் கேட்டாராம். என் தங்கச்சி ஐஸ் கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கக் கற்றுக்கொடுத்தாள் என்று சொல்லியிருக்கலாமே.

என் நாற்காலிக்கு நேர் எதிரே சுவரில் ஒரு போஸ்டர் இருக்கிறது. கிட்னி கொடுக்க வருகிறவர்களுக்கானது. முதல் வரியே தண்ணீரைப் பற்றித்தான், பக்கத்தில் ஒரு டம்ளர் படம் நீலக் கலரில். வாரத்துக்கு மூன்று தடவை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செப்டம்பரில் உனக்கு எழுதியபோதும் அது அங்கேதான் இருந்தது. பார்த்தேன். எழுதினேன். யாராவது ஒருத்தர் என்னோடு காய வேண்டும் என்று இருந்தது.

இதைச் சொல்லிவிட்டதால் உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. ஜனவரியில் அந்தப் பெண் ஒரு தாள் கொடுத்தாள். பாதித் தட்டு காய்கறி. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்திருந்தால்கூட இந்நேரம் நீ அந்தக் கட்டிலில் முனகிக்கொண்டிருப்பாய். உனக்கு மூன்று கட்சியையும் வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது. பிறகு நான் விரட்டினேன். விரட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு ஓடினாய்.

கட்டில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

குச்சி


பிப்ரவரி 20

குச்சி,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

எடை ஏறவில்லை. நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, அது பாட்டுக்கு அங்கேயே நிற்கிறது. டயட்டீஷியனின் தாளைச் சமையலறையில் ஒட்டிவைத்து அதன்படி சாப்பிடுகிறேன். பாதித் தட்டு காய்கறி, ஒரு முட்டை, ஒரு கரண்டி சோறு. கஷ்டமாகவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பேக்கரியில் எடைக்கல்லை வைத்துச் சோதித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

எதிர்வீட்டு அம்மா நேற்று படிக்கட்டில் மடக்கினாள். "எப்படிண்ணே? போனது திரும்ப வரவே இல்லையே! எந்த டயட்டுன்னு எங்களுக்கும் சொல்லுங்களேன்." ஏஜெண்டும் வந்து நின்றார், ஜிம் மாஸ்டரும் வந்து நின்றார். மூன்று கட்சியும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்று லிட்டர் குடிக்க வேண்டும். உன் அண்ணி பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்காருகிறாள். முதல் டம்ளரையே பாதியில் வைத்துவிடுகிறேன். மிச்சத்தை அவள் பார்க்காதபோது தொட்டியில் கொட்டுகிறேன். போன மாதம் வலி வந்து ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீ மூன்று டம்ளரோடு இருக்கும்போது எனக்கு உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது.

பூசணி


மார்ச் 3

அண்ணா,

என் பேர் லிஸ்டில் இருக்கிறது. முகம் தெரியாத யாராவது செத்தால் கூப்பிடுவார்கள். அவர் குண்டா ஒல்லியா, எந்தக் கட்சி என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. எந்த ஃபோன் அடித்தாலும் எடுக்கிறேன் இப்போதெல்லாம். அதனால் நீ கூப்பிடாதே, ஒவ்வொரு தடவையும் அவர்கள்தானோ என்று ஆகிவிடும்.

தொட்டியில் கொட்டுகிறாயாம். என் முன்னால் ஒருவன் தண்ணீரைக் கொட்டினான் என்றால் கையைப் பிடித்துக் கடித்திருப்பேன். கடிதத்தில் கொட்டியதால் தப்பித்தாய்.

ஒருத்தருக்குக் கிட்னி கெட்டது போதும். குடி. மதியம் மூன்று மணிக்குக் குடி, பெரிய டம்ளரில் குடி.

குடித்தேன் என்று மட்டும் எழுது. எப்படி இருந்தது என்று எழுதாதே.

குச்சி